ஒரே புரோகிராம், பல பிரதிகள்: பெயரிடுவதும் எண்ணிடுவதும்

ஒரு வங்கிச் செயலியோ ரயில் டிக்கெட் தளமோ ஒற்றைப் புரோகிராமாக ஓடுவதில்லை. ஒரே புரோகிராமின் பத்து, நூறு, சில இடங்களில் ஆயிரம் பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கணினித் துறையில் இவற்றை இன்ஸ்டன்ஸ் என்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நிரல், ஒரே அமைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. அவற்றில் ஒன்று மட்டும் நள்ளிரவில் பிசகினால், பணியில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி “எந்தப் பிரதி?” என்பதுதான். பதில் உடனே கிடைத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடியும். கிடைக்காவிட்டால் விடிந்துவிடும்.

பெயர் வைப்பது சில்லறை வேலை என்ற எண்ணம் துறையில் பரவலாக இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் கையாளப்பட்ட முறைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. எந்த எண் எதைக் குறிக்கிறது என்று தீர்மானிக்காமல் விட்ட இடங்களில்தான் தவறான புரோகிராம் நிறுத்தப்பட்டிருக்கிறது, தவறான புள்ளிவிவரம் படிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரதியைப் பற்றி மூன்று செய்திகள் உண்டு: அது செய்யும் பணி, அந்தப் பணியில் அது வகிக்கும் இடம், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அதன் ஆயுள். இந்த மூன்றையும் ஒரே பெயரில் குழைத்துவிடுவதே பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணினி தானாகத் தரும் எண்

யூனிக்ஸ் வழி வந்த எல்லா இயங்குதளங்களிலும், ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் எண் கிடைக்கிறது. பிஐடி என்று அழைக்கப்படும் இந்த எண் பெரும்பாலும் வருகை வரிசையில் தரப்படுகிறது. கணினி விழித்ததும் முதலில் கிளம்பும் புரோகிராமுக்கு 1. பிறகு வருபவற்றுக்கு ஏறுவரிசை. லினக்ஸில் நெடுங்காலம் இயல்பான உச்சவரம்பு 32768. 64 பிட் கணினிகளில் அதை 4194304 வரை உயர்த்திக்கொள்ளலாம். உச்சத்தைத் தொட்டதும் எண்ணிக்கை மறுபடி கீழேயிருந்து தொடங்கி, காலியாக இருக்கும் எண்களைப் புதியவர்களுக்குக் கொடுக்கும்.

சிக்கல் இந்த மறுபயன்பாட்டில் இருக்கிறது. பழைய சர்வர் புரோகிராம்கள் கிளம்பியவுடன் தங்கள் பிஐடியை ஒரு சிறு ஃபைலில் எழுதி வைக்கும். நிறுத்த வேண்டிய நேரத்தில் இன்னொரு ஸ்கிரிப்ட் அந்த ஃபைலைப் படித்து, அதிலுள்ள எண்ணுக்கு “நில்” என்று சமிக்ஞை அனுப்பும். இப்படி நடக்கலாம்: புரோகிராம் 4120 என்று எழுதிவிட்டு எதிர்பாராமல் செத்துப்போகிறது, ஃபைல் அப்படியே கிடக்கிறது. சில நாள் கழித்து அதே 4120 தரவுத்தளத்தின் ஒரு பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. மறுநாள் ஸ்கிரிப்ட் வருகிறது, ஃபைலைப் படிக்கிறது, 4120-ஐ நிறுத்துகிறது. ஸ்கிரிப்டில் எந்த வரியிலும் தவறில்லை. ஆனால் நின்றது தரவுத்தளம்.

லினக்ஸ் இதற்கு 2019-இல் தீர்வு சேர்த்தது. வெறும் எண்ணுக்குப் பதிலாக, குறிப்பிட்ட அந்த ஓட்டத்தையே பிடித்துக்கொள்ளும் பிஐடிஎஃப்டி என்ற கைப்பிடியைப் புரோகிராம் கேட்டு வாங்கலாம். அந்த ஓட்டம் முடிந்துவிட்டால் கைப்பிடியும் செல்லாது, வேறு யாரையும் அது தொடாது. எண்ணை ஆயுளோடு பிணைக்க வேண்டும் என்ற பாடம் கற்றுக்கொள்ள யூனிக்ஸ் பிறந்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

பிஐடிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது ஒரு கணினியின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். 2008-இல் வெளியான லினக்ஸ் 2.6.24 இந்த எல்லையை இன்னும் சுருக்கியது. ஒரே கணினிக்குள் தனித்தனி எண்வெளிகளை உருவாக்கலாம் என்றானது. இப்படித் தனித்த எண்வெளியில் புரோகிராம்களை ஓடவிடும் அடைப்புகளே இன்றைய கன்டெய்னர்கள்; ஒவ்வொரு கன்டெய்னரின் முதல் புரோகிராமும் தன்னை 1 என்றே நினைத்துக்கொள்கிறது. நூறு கன்டெய்னர்களின் லாக்குகளை ஒரே இடத்தில் கொட்டி, பிஐடியை வைத்துப் பிரிக்க முயன்றால் எல்லாமே 1 என்று வந்து நிற்கும்.

திரையில் தெரியும் எண்

மனிதர் படிப்பதற்கான எண்கள் வேறு வகை. ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கிய டிகே கருவித்தொகுப்பு இதில் ஒரு முன்னோடி. அதில் எழுதிய புரோகிராம்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைத்து ஆணையிடலாம். அதனால் பெயர் மோதக்கூடாது. ஏற்கெனவே ஒரு பெயர் பயன்பாட்டில் இருந்தால், அடுத்து வருவதன் பெயருக்குப் பின்னால் ‘#2’ ஒட்டப்படும், அதற்கடுத்ததற்கு ‘#3’. எடுத்த எடுப்பில் புரியும், தட்டச்சு செய்யவும் எளிது. ஈமேக்ஸ் எடிட்டரும் ஒரே பெயருள்ள இரண்டு ஃபைல்களைத் திறந்தால் இரண்டாவதற்கு ‘<2>’ போட்டது. பின்னாளில் அந்த எண்ணைக் கைவிட்டு, ஃபைல் எந்த ஃபோல்டரிலிருந்து வந்ததோ அதன் பெயரை ஒட்டுவதை இயல்பாக்கியது. இரண்டாவதாகத் திறந்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. எங்கிருந்து வந்தது என்பது நினைவிருக்கும். வேற்றுமைக்குக் காரணம் கையில் இருக்கும்போது எண்ணைவிடக் காரணத்தையே பெயராக்குவது நல்லது.

விண்டோஸின் செயல்திறன் அளவீட்டுக் கருவியில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். குரோம் உலாவி நான்கு புராசஸ்களாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவீட்டுப் பட்டியலில் அவை ‘குரோம்’, ‘குரோம்#1’, ‘குரோம்#2’, ‘குரோம்#3’ என்று வரும். ‘குரோம்#2’ நினைவகத்தை அதிகம் தின்கிறது என்று சந்தேகித்து அதன் வரைபடத்தை ஓட விடுகிறோம். இடையில் ‘குரோம்#1’ முடிந்துபோகிறது. உடனே வரிசை நகர்ந்து, நாம் கவனித்துக்கொண்டிருந்த புராசஸ் ‘குரோம்#1’ ஆகிறது. பழைய ‘குரோம்#3’ இப்போது ‘குரோம்#2’ ஆகிறது. வரைபடம் இடைவெளியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் பாதிக் கோடு ஒருவருடையது, மீதிக் கோடு இன்னொருவருடையது. நினைவகம் திடீரென்று குறைந்ததைப் பார்த்துப் பிரச்சினை தீர்ந்தது என்று முடிவுகட்டிவிட முடியும்.

மைக்ரோசாஃப்ட் பெயரோடு பிஐடியைச் சேர்க்கும் அமைப்பை முதலில் விருப்பத் தேர்வாகத் தந்தது. விண்டோஸ் 11-இல் பெயரும் பிஐடியும் இணைந்த புதிய அளவீட்டுத் தொகுதியையே சேர்த்தது. ஒருவர் போனதற்காக மற்றவரின் எண் மாறக்கூடாது என்பது இதில் கிடைக்கும் விதி. எண்ணிடும் எந்த முறைக்கும் இதை முதல் சோதனையாக வைக்கலாம்.

எண்ணே முகவரியாகும்போது

நிறுவன மென்பொருள்களில் பிரதி எண் அடையாளத்தோடு நிற்காமல் வழியாகவும் ஆகிறது. சாப் இதற்குத் தெளிவான உதாரணம். அதில் ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்றெழுத்துப் பெயர், ஒவ்வொரு பிரதிக்கும் 00 முதல் 97 வரை இரண்டு இலக்க எண். அந்த எண்ணே போர்ட் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களாகிறது. பிரதி 00 என்றால் 3200, பிரதி 05 என்றால் 3205. பட்டியலைப் புரட்டாமலே இணைப்பு எங்கே போகிறது என்று சாப் நிர்வாகி சொல்லிவிடுவார். ஆனால் எண்ணை மாற்றினால் ஃபயர்வால் விதிகள், இணைப்பு அமைப்புகள், அடுத்தவர் மேசையிலுள்ள குறிப்புகள் எல்லாம் மாற வேண்டும். பொருள் ஏறிய எண் வசதியானது, அசைக்கக் கடினமானது.

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் வேறு வழியில் போனது. அதன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரே கணினியில் பெயர் கொண்ட பல பிரதிகளை நிறுவ இடம் கொடுத்தது. இயல்பான பிரதி 1433 போர்ட்டில் இருக்கும். மற்றவை எந்தப் போர்ட்டில் என்று சொல்ல 1434-இல் ஒரு விசாரணைச் சேவை காத்திருக்கும். பெயரை எண்ணிலிருந்து பிரித்தது நல்ல வடிவமைப்பு. ஆனால் பெயர்களைச் சொல்லும் அந்தச் சேவையில் ஓர் ஓட்டை இருந்தது. 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற புழு அந்த 1434 வழியாகவே நுழைந்து, சில நிமிடங்களில் உலகெங்கும் பரவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் முந்தைய ஆண்டே வெளியாகியிருந்தது; பலர் நிறுவவில்லை. பெயரைத் தேடித் தரும் இடத்தையும் முக்கியச் சேவையாகவே காக்க வேண்டும் என்பதை இந்தச் சம்பவம் காட்டியது.

எண் தரவுக்குள் போகும்போது

இன்னும் ஆழமான வகை ஒன்று உண்டு. 2010-இல் ட்விட்டர் நிறுவனம் ஸ்னோஃப்ளேக் என்ற முறையை வெளியிட்டது. ஒவ்வொரு பதிவுக்கும் 64 பிட்டில் ஓர் எண். அதில் 41 பிட் நேரம், 10 பிட் எண்ணை உருவாக்கும் பிரதியின் எண், 12 பிட் அந்த மில்லிவினாடிக்குள் வரிசை எண். ஆக 1024 பிரதிகள் வரை, ஒவ்வொன்றும் மில்லிவினாடிக்கு 4096 எண்கள் வரை, ஒருவரையொருவர் கேட்காமலே தயாரிக்கலாம். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நிபந்தனையில் நிற்கிறது: எந்த இரண்டு பிரதிகளுக்கும் ஒரே பிரதி எண் இருக்கக்கூடாது. இருந்தால் இரண்டு வெவ்வேறு பதிவுகளுக்கு ஒரே எண் பிறக்கும். அது அன்றே தெரியாது. பின்னர் ஒரு பதிவின்மேல் இன்னொன்று எழுதப்பட்ட பிறகே தெரியும். செய்திப் பரிமாற்ற மென்பொருளான காஃப்காவில் புரோக்கர் எனப்படும் ஒவ்வொரு சர்வருக்கும் தனி எண் கட்டாயம் என்பதும், ஒருங்கிணைப்பு மென்பொருளான ஸூகீப்பரில் ஒவ்வொரு சர்வரும் 1 முதல் 255 வரை தன் எண்ணை ஒரு ஃபைலில் வைத்திருக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். இங்கெல்லாம் எண்ணைக் கையால் நகலெடுத்து ஒட்டுவது மிக ஆபத்தான பழக்கம். ஒரு சர்வரை அப்படியே படியெடுத்து இன்னொன்றை உருவாக்கும்போது எண்ணும் சேர்ந்து போய்விடுகிறது.

குரும்பலூர்ப் புல எண் சொல்லும் முறை

பணி, இடம், ஆயுள் என்ற பிரிப்பு கணினிக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூர்ப் பக்கம் நிலம் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது பழக்கம். நிலத்துக்குப் புல எண் உண்டு. உரிமையாளருக்குப் பட்டா எண் உண்டு. நிலம் முழுதாகக் கைமாறினால் முழுப்புல மாறுதல் நடக்கும், புல எண் அப்படியே இருக்கும், பட்டாவில் பெயர் மாறும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் உட்பிரிவு விழும். 112/2 என்பது 112/2ஏ, 112/2பி ஆகும். அதில் ஒன்று மேலும் பிரிந்தால் 112/2ஏ1, 112/2ஏ2. பக்கத்திலிருக்கும் 112/3-க்கு இதனால் ஒன்றும் ஆகாது. பிரிந்ததன் வம்சமும் எண்ணிலேயே தெரியும். விண்டோஸ் பட்டியலில் தவறிய விதியை கிராம நிர்வாக அலுவலரின் அ-பதிவேடு கடைப்பிடிக்கிறது.

அந்த எண் செல்லும் எல்லையும் கவனிக்கத்தக்கது. 112 என்ற புல எண் குரும்பலூரிலும் இருக்கும், பக்கத்து ஊரிலும் இருக்கும். அரசின் இணையவழி நில ஆவணச் சேவையில் சிட்டா எடுக்கப் போனால் மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்த பிறகே புல எண் கேட்கும். எண் சிறியதாக இருக்க முடிவது அது கிராம எல்லைக்குள் மட்டும் செல்வதால்தான். கணினியில் நேம்ஸ்பேஸ் என்பதும் இதே ஏற்பாடு.

இந்த வட்டாரத்தின் வரலாறு இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. 1995-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2007-இல் மறுபடி பிரிந்தது. அரியலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மாவட்டப் பெயர் பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாறியிருக்கிறது. இந்த நான்கு மாற்றங்களுக்காக ஒரு வயலின் புல எண்ணைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. மாவட்டம் எண்ணுக்கு வெளியே, முன்னொட்டாக நின்றதால் இது முடிந்தது. மென்பொருள் குழுக்கள் தங்கள் பிரதிப் பெயர்களில் டேட்டா சென்டரின் பெயர், குழுவின் பெயர், திட்டத்தின் பெயர் எல்லாவற்றையும் பொதிந்து வைக்கின்றன. டேட்டா சென்டர் மாறுகிறது, குழு கலைகிறது. பெயர் மட்டும் பொய் சொல்லிக்கொண்டு மிச்சமிருக்கிறது. 1990-இல் டான் லைபஸ் எழுதிய இணைய ஆவணமான ஆர்எஃப்சி 1178, கணினிக்குத் திட்டத்தின் பெயரை வைக்க வேண்டாம் என்று அப்போதே எச்சரித்திருக்கிறது.

கன்டெய்னர் காலம்

2013-இல் கன்டெய்னர் கருவியான டாக்கர் வந்த பிறகு பிரதிகளின் ஆயுள் நாட்களிலிருந்து நிமிடங்களுக்குச் சுருங்கியது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் டாக்கர் 64 இலக்கப் பதினாறுமான (ஹெக்ஸாடெசிமல்) எண் ஒன்றைத் தருகிறது. மனிதருக்கு அது பயன்படாது என்பதால், நாம் பெயர் சொல்லாவிட்டால் ஓர் ஆங்கில உரிச்சொல்லையும் ஓர் அறிவியலாளரின் பெயரையும் சேர்த்துத் தானே பெயர் வைக்கிறது. அந்தப் பட்டியலில் சர் சி.வி. ராமன், ராமானுஜன், சுப்பிரமணியன் சந்திரசேகர், அப்துல் கலாம் ஆகியோரும் இருக்கிறார்கள். உலகின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் சோதித்துப் பார்க்கும் கன்டெய்னருக்கு இவர்கள் பெயர் விழுகிறது. தொலைபேசியில் சொல்ல, காதில் கேட்டு எழுத, இத்தகைய பெயர் பதினாறுமான எண்ணைவிடப் பலமடங்கு மேல். ஆனால் அது என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயர் சொல்லாது. சோதனைக்கு ஏற்றது, நிரந்தரச் சேவைக்கு ஏற்றதல்ல.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் இந்தக் கேள்வியை மிகத் தெளிவாக இரண்டாகப் பிரித்தது. டெப்ளாய்மென்ட் என்ற வகையில் பிரதிகளுக்குள் வேற்றுமை பாராட்டுவதில்லை. சேவையின் பெயரோடு ஐந்தெழுத்துத் தற்செயல் வால் ஒன்று ஒட்டப்படும். அந்த வாலுக்கு 27 குறிகள் மட்டுமே அனுமதி. ஆங்கில உயிரெழுத்துகளும் ஒய் எழுத்தும் 0, 1, 3 ஆகிய இலக்கங்களும் விலக்கப்பட்டுள்ளன. தற்செயலாகக் கெட்ட வார்த்தை உருவாகிவிடாமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது. ஒரு பிரதி செத்தால் புதியது புதிய வாலோடு பிறக்கும், பழைய பெயர் திரும்புவதை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

தரவுத்தளம் போல, ஒவ்வொரு பிரதிக்கும் சொந்த வட்டு தேவைப்படும் இடத்தில் இது உதவாது. அதற்கு ஸ்டேட்ஃபுல்செட். முதலில் பெட்செட் என்று அழைக்கப்பட்டு, 2016 டிசம்பரில் இந்தப் பெயர் பெற்றது. இங்கே பிரதிகள் 0, 1, 2 என்று வரிசையாக எழும். குறைக்கும்போது பெரிய எண்ணிலிருந்து இறங்கும், நடுவில் ஓட்டை விழாது. 1 செத்தால் மீண்டும் 1 என்ற பெயரிலேயே எழும். பழைய 1-இன் வட்டும் அதனோடு சேரும். ஆக இந்த எண் நிலத்தின் எண், உரிமையாளரின் எண் அல்ல. இந்த ஓட்டமா முந்தைய ஓட்டமா என்று பிரித்தறிய, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் யுயுஐடி என்ற, வேறெங்கும் திரும்ப வராத அடையாளம் ஒன்று தனியாகத் தரப்படுகிறது. மூன்று செய்திகளும் மூன்று இடத்தில் தனித்தனியாக இருக்கின்றன. நான் பார்த்த முறைகளில் இதுவே முழுமையானது.

சுழியமா, ஒன்றா?

பிரதிகளை 0-இலிருந்து எண்ணுவதா 1-இலிருந்து எண்ணுவதா என்ற சர்ச்சையில் வெற்றி தோல்வி இல்லை. சேர்ந்திருப்பவர்கள் ஒரே முறையைப் பின்பற்றாததே தொல்லை. இரண்டாம் பிரதி டிகேயில் ‘#2’, விண்டோஸ் அளவீட்டில் ‘#1’. மேகச் சேவையான ஹெரோகு ‘வெப்.1’ என்று தொடங்குகிறது, குபெர்னெட்டீஸ் 0-இல் தொடங்குகிறது. குபெர்னெட்டீஸ் 2022 முதல் தொடக்க எண்ணை நாமே குறிக்கும் வசதியைச் சோதனை முறையில் சேர்த்தது. “மூன்றாவதை நிறுத்து” என்று போனில் சொன்னால் 2-ஐயா 3-ஐயா என்ற ஐயம் எழும். எண்ணைச் சொல்லுங்கள், வரிசையைச் சொல்லாதீர்கள் என்பதே நடைமுறைத் தீர்வு.

இலக்கங்களின் எண்ணிக்கையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது. அமேசான் தன் மேகக் கணினிப் பிரதிகளுக்கு எட்டு இலக்க அடையாளம் தந்துவந்தது. பெருக்கம் தாங்காமல் 2016-இல் அதைப் பதினேழு இலக்கமாக்கியது. எட்டு இலக்கத்துக்கு மட்டுமே கட்டம் ஒதுக்கியிருந்த வாடிக்கையாளர்களின் புரோகிராம்களும் தரவுத்தளங்களும் திருத்தப்பட வேண்டியிருந்தன.

கண்காணிப்பவரின் கணக்கு

தற்செயல் பெயர்களுக்கு ஒரு விலை உண்டு. புரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவிகள் ஒவ்வொரு பிரதிப் பெயருக்கும் தனித்தனி அளவீட்டு வரிசை சேமிக்கின்றன. ஒரு நாளில் பிரதிகள் நூறு முறை மாறினால் வரிசைகளும் நூறு மடங்காகும். நினைவகம் நிரம்பும், தேடல் மந்தமாகும். மறுபுறம், நிலையான எண்ணை மட்டும் வைத்தால் இறந்த பிரதியின் வரைபடமும் பிறந்த பிரதியின் வரைபடமும் ஒரே கோடாக ஒட்டிக்கொள்ளும். குரோம் கதை திரும்பும்.

இன்று பரவிவரும் ஓப்பன்டெலிமெட்ரி என்ற கண்காணிப்புத் தரநிலை, சேவையின் பெயர்வெளி, சேவையின் பெயர், பிரதியின் அடையாளம் ஆகிய மூன்றும் சேர்ந்து உலக அளவில் தனித்து நிற்க வேண்டும் என்கிறது. பிரதி அடையாளத்துக்கு யுயுஐடியைப் பரிந்துரைக்கிறது. இதை லாக்கின் ஒவ்வொரு வரியிலும் எழுதி, நீண்டகால அளவீடுகளைப் பணிப்பெயரும் இட எண்ணும் கொண்டு மட்டும் சேமிப்பது செலவையும் துல்லியத்தையும் ஒருசேரக் காக்கும். 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9562, நேர வரிசையில் அமையும் ஏழாம் வகை யுயுஐடியை வரையறுத்தது. எந்த ஓட்டம் முந்தியது என்பதும் இதில் அடையாளத்திலிருந்தே தெரியும்.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து சிறு அமைப்புக்கும் பெரிய அமைப்புக்கும் பொருந்தும் விதிகளைத் தொகுக்கலாம். பணிப்பெயரை மனிதர் வைக்கட்டும்; அதில் மாறக்கூடிய எதையும் சேர்க்காமல் இருக்கட்டும். சொந்தத் தரவு உள்ள பிரதிகளுக்கு மட்டும் இட எண் கொடுங்கள். ஒருவர் விலகியதால் மற்றவர் எண் மாறக்கூடாது. ஆயுளடையாளத்தைக் கணினியே தற்செயலாக உருவாக்கட்டும். ஒருமுறை பயன்பட்டது இன்னொரு ஓட்டத்துக்குப் போகக்கூடாது. எண் எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதி வையுங்கள். பிரதி கிளம்பியதும் லாக்கின் முதல் வரியில் மூன்றையும் சேர்த்துச் சொல்லட்டும்.

குரும்பலூர் அரசு கலை அறிவியல் கல்லூரி போன்ற இடங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் மாணவர்களில் பலர், சென்னையிலோ பெங்களூரிலோ இரவுப் பணியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் முதலில் சேர்கிறார்கள். அமைப்பை வடிவமைத்தவர் யாரோ. அதன் பெயர்க் குழப்பத்தைச் சுமப்பவர் இவர்கள். நிரலாக்கப் பாடத்தில் மாறிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்று கற்றுத்தருகிறோம். ஓடும் பிரதிக்கு எப்படிப் பெயர் வைப்பது என்பதையும் அதே கண்டிப்போடு கற்றுத்தர வேண்டும். ஆய்வகத்தில் ஒரு புரோகிராமின் மூன்று பிரதிகளை ஓடவிட்டு, நடுவிலுள்ளதை நிறுத்தி, மற்ற இரண்டின் பெயர்கள் என்னவாயின என்று கவனிக்கச் சொன்னால் போதும். ஒரு வகுப்பு நேரத்தில் முடிந்துவிடும். அந்தப் பயிற்சியைச் செய்த மாணவர் நாளை தானே ஓர் அமைப்பை வடிவமைக்கும்போது, இரவுப் பணியில் இருக்கப்போகும் இன்னொருவருக்கு “எந்தப் பிரதி?” என்ற கேள்விக்கான பதிலை முதல் நாளே எழுதி வைத்திருப்பார்.